பங்குக் கணக்கு

ஜெகதாப்பட்டினத்தில் என் மாமாவுக்கு இரண்டு விசைப்படகுகள் இருந்தன. கடலுக்குப் போன படகு மறுநாள் கரைக்கு வந்து, மீனை எடை போட்டு, வியாபாரி சீட்டு எழுதிக் கொடுத்ததும் ஆட்கள் எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்ப்பார்கள். பங்கு பிரிக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிய கணக்கு. விற்ற தொகையில் டீசல், ஐஸ், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் படகுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. ஆட்கள் பகுதியில் டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, புதிதாக ஏறிய பையனுக்கு முக்கால். இதுவரை ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். அதற்கு மேல்தான் சிக்கல். சங்காயம் என்று ஒதுக்கும் கழிவு மீனை விற்ற காசு படகுக்குச் சேராது, ஆட்களுக்கே. முன்பணம் வாங்கியவர் பங்கில் தவணை பிடிக்க வேண்டும். மீன்பாடு மோசமான நாளில் பிடிக்கக் கூடாது. எது மோசமான பாடு என்பது மாமாவுக்குத்தான் தெரியும். வலை கிழிந்து வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பது, அது எப்படிக் கிழிந்தது என்பதைப் பொறுத்தது. அடுத்த வீட்டுப் படகில் வழக்கம் வேறு.

இத்தனையையும் மாமா நீள நோட்டில் ஒரே பக்கத்துக்குள் முடித்துவிடுவார். பாதி குறி, பாதி எண். அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

நான் புரோகிராம் எழுதிப் பிழைக்கப் போனவன். எங்கள் தொழிலில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: எந்த மொழியில் குறைவாக எழுதி நிறைய வேலை முடிக்கலாம்? ஆளாளுக்கு ஒரு மொழியைத் தூக்கிப் பிடிப்பார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஒரு சௌகரியம் இருந்தது. புதிய மொழி ஒன்றைக் கற்கும்போதெல்லாம் நான் முதலில் எழுதிப் பார்ப்பது மாமாவின் பங்குக் கணக்கைத்தான். கணக்கு ஒன்று, மொழி வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது முதலில் கைக்கு வந்தது கோபால். 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினையைச் சரிசெய்ய அமெரிக்காவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். கோபால் தெரிந்தால் விமானம் ஏறலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. "உங்க கணக்கைக் கோபால்ல எழுதப் போறேன் மாமா" என்றேன். "யாருப்பா அது, மீமிசல்காரனா?" என்றார்.

கோபால் 1959-ல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி உருவாக்கத் தொடங்கிய மொழி. அதற்கு முன்பே கிரேஸ் ஹாப்பர் ஃப்ளோ-மேட்டிக் என்றொரு மொழியை ஆங்கில வாக்கியம் போலவே அமைத்திருந்தார்; கோபாலில் அதன் சாயல் நிறைய. கூட்டு, பெருக்கு, கழி என்பதையெல்லாம் முழுச் சொல்லாக எழுதி, கடைசியில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். அலுவலக மேலாளரும் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். புரோகிராமுக்கு நான்கு பிரிவுகள். முதல் மூன்றில் புரோகிராமின் பெயர், எந்த இயந்திரம், எந்தக் கோப்பு, எந்த எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று எல்லாவற்றையும் அறிவித்து முடித்தபின் நான்காவதில்தான் கணக்கு தொடங்கும். தாசில்தாருக்கு மனு எழுதுவது போல: அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா எல்லாம் போட்டபிறகுதான் விஷயம். அச்சிட்டுப் பார்த்தால் தாள் தாளாக நீண்டது. மாமாவின் பங்கு விதிகள் அதில் ஒரு மூலையில் இருந்தன.

ஆனால் பைசா தவறவில்லை. ரூபாய்க்கு இத்தனை இலக்கம், பைசாவுக்கு இரண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், தசமக் கணக்கை நாம் நோட்டில் போடுவது போலவே கோபால் போட்டது. இதன் அருமை அடுத்த பருவத்தில் சி மொழி படித்தபோது தெரிந்தது.

சி, 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. சொல்லுக்குப் பதில் குறி. கோபாலில் ஒரு வாக்கியம் பிடித்த பெருக்கல் இங்கே ஒரு நட்சத்திரக் குறியோடு முடிந்தது. அறிவிப்புப் பக்கங்கள் போயே போய்விட்டன. ஆனால் பின்னங்களை அந்த மொழி வழக்கமாக இரண்டின் அடுக்குகளில் வைக்கிறது. பத்துப் பைசா, அதாவது பத்தில் ஒன்று, அந்த முறையில் முடிவில்லாமல் நீளும் எண். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால் சி-யில் பணக் கணக்கு போடுகிறவர்கள் எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சில வரிகள். கோப்பைத் திறக்க, ஒவ்வொரு ஆளின் பதிவையும் படிக்க, பெயருக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்க, திருப்பி எழுத, மூட இன்னும் பல வரிகள். கோபாலில் அறிவிப்பாக இருந்த நீளம் இங்கே வேலையாக மாறியிருந்தது. பங்கு விதிகள்? ஏறக்குறைய அதே அளவு.

உண்மையில் மாமாவின் கொட்டகையில் ஓடிய முதல் புரோகிராம் இந்த இரண்டுமே இல்லை. அறந்தாங்கியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விடுமுறைக்குப் படித்த ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. அந்த நாட்களில் சிறு ஊர்களின் ஆடிட்டர் அலுவலகம், அரிசி ஆலை, நகைக்கடை என்று எங்கே போனாலும் ஃபாக்ஸ்புரோதான். அதில் கோப்பைத் திறக்க ஒரு சொல். இத்தனை ஆட்களில் முன்பணம் பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் இந்தத் தொகையைக் கழி என்பதற்கு ஒரே வரி. அந்தக் கட்டளையையும் முழுதாக எழுத வேண்டியதில்லை, முதல் நான்கு எழுத்து போதும். சி-யில் ஒரு பக்கம் பிடித்தது இங்கே நாலைந்து வரிக்குள் அடங்கியது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் சத்தம் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றையும் மாமா வாங்கிப் போட்டார். ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் புரோகிராமைத் திருத்துவேன். தடைக்காலம் அப்போது 45 நாள். 2017-லிருந்து 61 நாள்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபிறகுதான் மொழிகளைப் பற்றிய அந்த வழக்கைப் பெரியவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய நூலில் ஒரு விஷயம் சொல்கிறார்: எந்த மொழியில் எழுதினாலும் ஒரு ஆள் ஒரு நாளில் எழுதி முடிக்கும் வரிகளின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் ஒரே வரியில் அதிகம் சொல்லும் மொழிக்கு மாறினாலே வேலை பல மடங்கு கூடும். ஐந்து மடங்கு வரைகூட என்பது அவர் கணக்கு. பிறகு கேப்பர்ஸ் ஜோன்ஸ் என்பவர் மொழிகளுக்குப் பட்டியலே போட்டார். ஒரு குறிப்பிட்ட அளவு வேலைக்கு அசெம்ப்ளியில் 320 வரி, சி-யில் 128, கோபாலில் நூறைச் சற்றுத் தாண்டி, எக்செல் போன்ற விரிதாளில் வெறும் 6.

சோதனை வைத்துப் பார்த்தவர் ஜெர்மனியின் லுட்ஸ் பிரெசெல்ட். தொலைபேசி எண்ணை அகராதிச் சொற்களாக மாற்றும் ஒரே புரோகிராமை ஏழு மொழிகளில் எழுதச் சொன்னார். வந்து சேர்ந்தவை 80 புரோகிராம்கள். முடிவுகளை 2000-ல் வெளியிட்டார். பெர்ல், பைத்தான், ரெக்ஸ், டிசிஎல் ஆகிய நான்கிலும் எழுதியவர்களுக்கு சி, சி++, ஜாவாவில் எழுதியவர்களைவிடப் பாதி நேரம்கூட ஆகவில்லை. புரோகிராமின் நீளமும் பாதிதான். மணிக்கு எத்தனை வரி என்று பார்த்தால் எல்லாரும் ஏறக்குறைய ஒன்று. புரூக்ஸ் சொன்னதுதான். அந்தக் கட்டுரையில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. ஓடும் வேகத்திலும் விழுங்கும் நினைவகத்திலும் மொழிக்கு மொழி இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே மொழியில் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் அதிகம். ஒரே கடலுக்கு ஒரே நாளில் போய்வந்த இரண்டு படகுகளின் பாட்டை ஒப்பிட்டுப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆச்சரியமாக இல்லை.

சுருக்கத்தின் உச்சம் பார்க்க வேண்டுமென்றால் ஏபிஎல். கென்னத் ஐவர்சன் 1962-ல் வெளியிட்ட கணிதக் குறியீட்டிலிருந்து வளர்ந்த மொழி. ஒரு பட்டியல் முழுவதையும் கூட்ட அதில் ஒரு கூட்டல் குறியும் ஒரு சாய்கோடும் போதும். அதற்கென்று தனி விசைப்பலகையே இருந்தது. ஒரு நண்பரிடம் கற்று, பங்குக் கணக்கின் கூட்டல் பெருக்கல் பகுதியை அதில் எழுதிப் பார்த்தேன். மாமாவின் நோட்டைவிடச் சிறியதாக, அதைப் போலவே பிறரால் படிக்க முடியாததாக வந்தது. வலை கிழிந்த விதியை எழுதத் தொடங்கியதும் அந்த அழகு குலைந்தது. எண்களின் அணிவகுப்புக்கு ஏபிஎல் பிரமாதம். "அப்படி இருந்தால் இப்படி, ஆனால் அவன் புதுப் பையனாக இருந்தால் வேறு" என்பது அணிவகுப்பில் நிற்காது.

1986-ல் நடந்த ஒரு பழைய சம்பவம் எனக்கு விஷயத்தை விளக்கியது. ஒரு நூலில் அதிகம் வரும் சொற்களை எண்ணிச் சொல்லும் புரோகிராமை எழுதித் தரும்படி ஜான் பென்ட்லி தன் இதழ்ப் பத்தியில் டொனால்ட் க்னூத்தைக் கேட்டார். க்னூத் பாஸ்கல் மொழியை அடிப்படையாகக் கொண்டு, விளக்கங்களோடு பல பக்கங்களுக்கு ஒரு கலைப்படைப்பைத் தந்தார். விமர்சிக்க அழைக்கப்பட்ட டக் மெக்கில்ராய், யூனிக்ஸில் ஏற்கெனவே இருந்த சிறு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஆறே கட்டளைகளில் அதே வேலையை முடித்துக் காட்டினார். இதைச் சொல்லும்போது பலரும் க்னூத் தோற்றார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசைப்படுத்தும் கருவியையும் ஒரே மாதிரி வரிகளை எண்ணும் கருவியையும் யாரோ முன்பே உட்கார்ந்து முழு நீளத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கருவிகளைக் கோக்கும் குழாயை யூனிக்ஸில் கொண்டுவரச் செய்தவரே மெக்கில்ராய்தான். ஆறு வரிகளுக்குப் பின்னால் பல ஆயிரம் வரிகள் இருந்தன.

அந்த வெளிச்சத்தில் என் பழைய அச்சுத்தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். கோபால், சி, ஃபாக்ஸ்புரோ, ஜாவா, பைத்தான். நீளம் படிப்படியாகக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் குறைந்தது எது? கோப்பைத் திறப்பது, நினைவகம் ஒதுக்குவது, பதிவைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, தாளில் அச்சிடுவது. எல்லாமே உலகத்தில் யாரோ ஏற்கெனவே தீர்த்து வைத்தவை. தவணை, சங்காயம், புதுப் பையன், கிழிந்த வலை என்ற பகுதி மட்டும் எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கோபாலில் மூலையில் கிடந்தது, பைத்தானில் புரோகிராம் முழுக்க அதுவாகவே இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். புரூக்ஸ் 1986-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் இதையே வேறு விதமாகப் பிரித்திருந்தார்: கருவியால் வரும் கஷ்டம் ஒன்று, வேலையோடு பிறந்த கஷ்டம் ஒன்று. மொழி முதலாவதைத்தான் குறைக்கும்.

ஜோன்ஸ் பட்டியலில் ஆறு வரியோடு நின்ற விரிதாளும் கொட்டகைக்கு வந்தது. ஃபாக்ஸ்புரோ பழைய கம்ப்யூட்டரோடு ஓய்ந்ததும் மாமா வீட்டு அண்ணி எக்செலில் தானே பங்குத் தாள் போட்டுக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. டீசல் விலை ஏறினால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். ஊரில் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அதோடு முடிந்தது; உழைப்பு மிச்சமாவது என்றால் என்னவென்று எனக்கு அண்ணிதான் காட்டினார். ஒருமுறை கூடுதலாக ஏறிய ஆளின் பெயர் கடைசி வரிக்குக் கீழே சேர்க்கப்பட்டிருக்க, கூட்டல் சூத்திரம் பழைய வரியோடு நின்றிருந்தது. எக்செல் ஒரு சத்தமும் போடவில்லை. படகில் மூத்தவர் ஒருவர் மனக்கணக்கில் பிடித்தார். "இதுல ஒரு பங்கு இடிக்குதே" என்றார். இதே மாதிரி ஒன்று பொருளாதார அறிஞர்களுக்கும் நடந்தது: கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் 2010-ல் நாடுகளின் கடனைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளை விட்டுவிட்டிருந்தது. 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் கண்டுபிடித்தார். ஆறு வரி மொழியில் எழுதுவது எளிது. எழுதியதைக் கண்ணால் பார்ப்பதுதான் கடினம், சூத்திரங்கள் எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

பைத்தானில் எழுதியபோது இன்னொரு விஷயம் தட்டுப்பட்டது. பங்குச் சீட்டில் ஆட்களின் பெயரும் ஊரும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். பத்திகள் நேராக நிற்க ஒவ்வொரு பெயரிலும் எத்தனை எழுத்து என்று தெரிய வேண்டும். ஜெகதாப்பட்டினம் என்ற பெயரில் ஒன்பது எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தானைக் கேட்டால் பதினைந்து என்கிறது. கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஜாவாவும் பதினைந்து. சி-யில் யூனிகோடை வழக்கமான முறையில் வைத்துக் கேட்டால் நாற்பத்தைந்து, அது பைட்டை எண்ணுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த ஸ்விஃப்ட் மட்டும் ஒன்பது என்று சரியாகச் சொல்கிறது, ஏனென்றால் அதை உருவாக்கியவர்கள் எழுத்து என்றால் மனிதன் பார்க்கும் எழுத்து என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

வரிசைப்படுத்தலும் அப்படித்தான். பைத்தானில் பெயர்களை வரிசைப்படுத்த ஒரே சொல். ஆனால் அந்த ஒரு சொல் ஜ-வைச் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே செருகுகிறது. ந-வை அடுத்து ன-வை வைக்கிறது. யூனிகோடு எண்ணின் வரிசை அது, நம் அரிச்சுவடியின் வரிசை இல்லை. ஆங்கிலப் பெயர்களுக்கு ஒரே சொல்லில் முடிந்த காரியத்துக்குத் தமிழில் நீளமாக எழுத வேண்டியிருந்தது. யாராவது நமக்காக முன்பே எழுதியிருக்கிறார்களா என்று தேடியபோது ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் கிடைத்தது. தமிழ்ச் சொற்களிலேயே புரோகிராம் எழுதும் எழில் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் சேர்ந்து எழுதியது. எழுத்தை எழுத்தாகப் பிரிக்கிறது, அகர வரிசை தெரிகிறது. அதைச் சேர்த்ததும் என் தமிழ்ப் புரோகிராமும் ஆங்கிலப் புரோகிராம் அளவுக்குச் சுருங்கியது. மொழியை யார், யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது சுருக்கமா இல்லையா என்பதே முடிவாகிறது.

இப்போது கணக்கு அண்ணியின் மகள் கையில். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். இரண்டு மொழியையும் அடுத்தடுத்த ஆண்டில் படிப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நான் பட்ட பாடு அவளுக்கு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் சி++ புரோகிராமைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது எப்படி என்று ஒரு பாடமே இருக்கிறது. பங்குக் கணக்கைப் பைத்தானில் எழுதி முடிக்க அவளுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. மாமாவிடம் விதிகளைக் கேட்டு வாங்கத்தான் பல நாள் ஆயிற்று.

"தாத்தா, மோசமான பாடுன்னா எவ்வளவு?"

"எண்ணா சொல்ல முடியாதுத்தா. சீசனைப் பொறுத்து."

"சரி, எந்த மாசம் எவ்வளவு?"

அவர் யோசித்து யோசித்து மாதவாரியாகச் சொன்னார். அத்தனை வருடமும் அவர் தலைக்குள் மட்டும் இருந்த எண்கள் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. நான் எழுதிய புரோகிராம் எதிலும் அவை இல்லை. "மோசமான பாடா, ஆம், இல்லை" என்று அவரையே கேட்டு எழுதியிருந்தேன்.

பிறகு அவள் கேட்ட கேள்விக்குக் கொட்டகையில் யாரும் பதில் சொல்லவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன ஆள் சிறையில் இருக்கும்போது அவர் வீட்டுக்கு மாமா அனுப்பும் பணம், அவர் திரும்பி வந்தபின் பங்கில் கழியுமா, கழியாதா? சில வீட்டில் கழித்திருக்கிறார், சிலவற்றில் இல்லை. படகே திரும்பாமல் போன வருடத்தில் வேறு மாதிரி. விதி என்னவென்று அவள் விடாமல் கேட்டாள்.

"அதை உன் மிஷின்ல எழுதாத" என்றார் மாமா. "அது வீட்டுக்கு வீடு வேற."

அவள் அந்த இடத்தில் தொகையைக் கையால் தட்டெழுதும்படி ஒரு வரி விட்டுவைத்தாள். நான் பார்த்த புரோகிராம்களிலேயே நேர்மையான வரி அது என்று நினைக்கிறேன். இப்போது இளைஞர்கள் என்னிடம் எந்த மொழி சுருக்கம், எதைக் கற்கலாம் என்று கேட்டால், முதலில் வேலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன்: பிறர் தீர்த்து வைத்தது எவ்வளவு, நீங்களே தீர்க்க வேண்டியது எவ்வளவு? முதல் பாதி பெரிதாக இருந்தால் மொழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பல மடங்கு நேரம் மிஞ்சும். இரண்டாம் பாதி பெரிதாக இருந்தால் எந்த மொழியும் உங்களைக் காப்பாற்றாது. நேரத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து கேள்வி கேட்பதில் செலவிடுங்கள்.